வந்தாச்சா

மே 26, செவ்வாய்

கடையில் இன்று புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். என்னைப் போலவே திருநங்கை. கீச்சென்று விடாமல் பேசுவதால் முதலாளி மத்தியானத்துக்குள் சிட்டு என்று பெயர் வைத்துவிட்டார். நான் சந்தோஷப்பட வேண்டும்தானே? படவில்லை. ஆறு வருடமாகப் பின்னறையில் மூக்குக்கண்ணாடி வில்லைகளுக்கு விளிம்பு தேய்க்கிறேன். “வர்றவங்க ஒரு மாதிரி பாப்பாங்கம்மா, உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை” என்று என்னை உள்ளே உட்காரவைத்த அதே மனிதர், அவளை முதல் நாளே முன் மேசையில் உட்காரவைத்திருக்கிறார்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அவள் அம்மா ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, வாரில் முடி சிக்காமல் ஒதுக்கிவிட்டாள். நான் பார்க்காத மாதிரி ஷட்டரை இறக்கினேன்.

வீட்டுக்கு வந்தேன். “வந்தாச்சா” என்றாள் அண்ணி.

மே 30, சனி

அந்த ‘வந்தாச்சா’வைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். கீழே அண்ணனும் அண்ணியும். மாடி அறையில் நான். நான் நானாக நடமாடத் தொடங்கும்வரை அண்ணிக்கு நான் ‘தம்பி’. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. வந்தாச்சா, சாப்டாச்சா, மோட்டார் நிறுத்தியாச்சா. வா கிடையாது, வாங்க கிடையாது. மற்றவர்களிடம் சொன்னால் ‘மாடியில இருக்கறவங்க’. வாடகைக்கு வந்தவளா நான்?

சண்டை போடவும் வழியில்லை. சோறு எடுத்து வைக்கிறாள், காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வருகிறாள். கூப்பிட மட்டும் மாட்டாள்.

ஜூன் 7, ஞாயிறு

அண்ணி படிக்கிற கண்ணாடிக்குச் சொல்லியிருந்தாள். விளிம்பு தேய்த்தது நான். கொண்டுவந்து கொடுத்தது சிட்டு. “அந்தப் பக்கம்தான்க்கா போறேன்” என்று முந்திக்கொண்டாள். அண்ணி கதவைத் திறந்து, “வாம்மா, உள்ள வா” என்றாள்.

வாம்மா.

மாடிப்படியில் நின்று கேட்டேன். வயிறு எரிந்தது. ஒரு கண்ணாடிக் கூட்டைக் கையில் கொடுத்ததற்கு ஒரு அம்மா. நான் இத்தனை வருடம் என்ன கொடுக்கவில்லை?

ஜூன் 12, வெள்ளி

28-ஆம் தேதி எங்கள் ஆட்களின் பெருமிதப் பேரணி. வருடா வருடம் போகிறேன். இந்த முறை எங்கள் தெருமுனை வழியாகவே வருகிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு அது பொறுக்கவில்லை, அண்ணனைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மாடிக்கு வந்தான். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்த வருஷம் மட்டும் போகாம இருக்கலாம்ல?”

இருக்கலாம்ல. இவனும் அதே இலக்கணம்தான்.

“போனா?”

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லி வீட்டையே காலி பண்ண வைப்போம்ங்கறாங்க.”

என்னைக் காலி பண்ணச் சொல்வாயா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. போவேன் என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 13, சனி

சிட்டுவின் அம்மாவும் பேரணிக்கு வருகிறாளாம். ‘இவள் என் மகள்’ என்று அட்டை எழுதியாயிற்றாம். கேட்டேனா நான்?

ஜூன் 20, சனி

சிட்டு காதில் அம்மாவின் தோடு.

எங்கள் அம்மாவுடையது. வெள்ளி, பச்சைக் கல். பெரிய விலை இல்லை. அம்மா போனபோது, வீட்டில் பெண் என்று இருப்பது மருமகள் ஒருத்திதானே என்று அண்ணியிடம் போனது. நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், சட்டை பேன்ட்டில்.

“நேத்து உங்க வீட்டுப் பக்கம் போனப்ப உங்க அண்ணி கூப்பிட்டுக் குடுத்தாங்கக்கா. பேரணிக்கு என் பச்சை கவுனுக்கு எடுப்பா இருக்குமாம்” என்று தலையை ஆட்டிக் காட்டினாள். கையிலிருந்த வில்லையை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்தேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

காலையில் கீழே போய்க் கேட்டேவிட்டேன். “அது எங்க அம்மா தோடு. யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?”

அண்ணி அடுப்பை அணைத்தாள். “யாரைக் கேக்கணும்? எங்கிட்ட வந்தது.”

“அம்மா நகை யாருக்கு வரும்? பொண்ணுக்குத்தானே வரும்?”

“இத்தனை வருஷம் வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டியா? இன்னைக்கு வந்து நாத்தனார் சண்டை போடறியா?”

நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. திறந்திருந்த வாசலில் செயலாளர் வந்து நின்றதை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவர் தொண்டையைச் செருமி, “பேரணி விஷயமா... உங்க கொழுந்தனைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க” என்றார்.

அண்ணி முழுக் கோபத்தோடு அவர் பக்கம் திரும்பினாள். “எந்தக் கொழுந்தன்? எனக்கு இருக்கறது ஒரு நாத்தனார். தோட்டுக்கு அடிச்சுக்கிட்டு நிக்கறோம், பாத்தா தெரியல? இதை முடிச்சுட்டு வரேன், அப்பறம் வாங்க.”

அவர் போய்விட்டார். அண்ணன் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு நழுவினான். நாத்தனார் சண்டையில் ஆம்பளைகள் தலையிடுவதில்லை.

நான் சண்டையைப் பாதியில் விட்டேன். மாடிக்கு வந்து அழுதேன். கேட்டியா. போடறியா. நாத்தனார். அவள் திட்டினாள்தான். திட்டட்டும்.

ஜூன் 23, செவ்வாய்

சிட்டு தோட்டைக் காகிதத்தில் பொதிந்து என் மேசையில் வைத்தாள். “உங்க அம்மாதுன்னு தெரியாதுக்கா. நேத்துதான் உங்க அண்ணி சொன்னாங்க.” போகத் திரும்பியவள் மறுபடி என் பக்கம் வந்தாள். “எனக்கு அம்மாவை விட்டா வீட்டுல யாரும் பேசறதில்ல. நீங்க சண்டையாவது போடறீங்க.”

இவளுக்கு என் மேல் பொறாமையா? சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது. என் பச்சை வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

போனேன். தோட்டோடு.

தெருமுனையில் செயலாளரும் நாலைந்து பேரும் ‘எங்கள் தெரு வழியே வராதே’ என்று கத்தினார்கள். எதிரே மருந்துக்கடைப் படியில் அண்ணி, நான் தேய்த்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றாள். படிக்கிற கண்ணாடி, தூரத்தில் என்ன தெரிந்திருக்குமோ. கிட்டே போனதும் இறங்கி நடுரோட்டுக்கே வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“திருகு கழண்டு தொங்குது பாரு. தொலைச்சா நான் சும்மா இருக்கமாட்டேன்.”

காதைப் பிடித்துத் திருகை முடுக்கினாள். கொடியும் மேளமுமாக வந்தவர்கள் எங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போனார்கள். செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சிட்டுவைப் பார்த்து, “வெயில் ஜாஸ்தியா இருக்கு, தண்ணி குடிம்மா” என்று பாட்டிலை முதலில் அவளிடம்தான் நீட்டினாள். அதற்கும் எரிந்தது எனக்கு. என்ன செய்ய.

ஜூலை 9, வியாழன்

வீட்டுக்காரர் காதுக்கு விஷயம் போய்விட்டதாம். போனில் கேட்டாராம். ‘என் தங்கச்சிதான், எங்ககூடத்தான் இருப்பா’ என்று அண்ணன் சொன்னதாக அண்ணி சொன்னாள். என்னிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தோட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணி தினமும் கேட்கிறாள். கொடுக்கிற உத்தேசமும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து சத்தம். “மோட்டாரை நிறுத்தினியாடி?”

எப்போதோ நிறுத்திவிட்டேன். பதில் சொல்லாமல் இருக்கிறேன். இன்னொரு தடவை கேட்கட்டும்.