பத்துக்குப் பத்து

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. நாலாவது மாடி, இரண்டு அறை, சமையலறையில் ஜன்னல் உண்டு. அந்தக் கட்டடத்து லிப்டைப் பழுது பார்ப்பவன் நான்தான் என்பதால் நீ மாடியேறி மூச்சு வாங்க வேண்டியிருக்காது.

ஆங்கிலத் தேர்வு செப்டம்பர் இருபதாம் தேதி. அதில் தேறினால்தான் உனக்கு விசா. நான் இரண்டு முறை கோட்டைவிட்டது கால அளவு சொல்லும் கேள்வியில்தான், அதனால் அதை முதலில் சொல்லித் தருகிறேன். ‘ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ் வென் ஹி கேம்.’ அவன் வந்தபோது நான் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன். வந்தது பிறகு, காத்திருந்தது அதற்கு முன்பு. அந்த முன்பு நடந்ததற்குத்தான் ‘ஹேட்’. எவ்வளவு நேரம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. தனித்தாளில் சில வாக்கியங்கள் எழுதி அனுப்பு. தமிழில் அர்த்தமும் எழுது, திருத்தி அனுப்புகிறேன். உண்மையாக இருக்க வேண்டும் என்றில்லை, மனதில் தோன்றியதை எழுது.

ஆகஸ்டோடு நின்றுவிடுவதாக உன் முதலாளியிடம் இப்போதே சொல்லி வை. அவரும் ஆள் தேட வேண்டுமே.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 19

என் அன்புக்குரிய உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போனில், “வாயாடிக்கு என்ன ஆச்சு, ஊமையாயிட்டியா?” என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டு ஹாலில் அத்தனை பேர் டிவி பார்த்துக்கொண்டிருக்க, அத்தை என் தோளோடு ஒட்டி நிற்க, நான் என்னதான் பேசுவது?

லேபில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்கு முழுப் பல்செட் செய்தேன். மாட்டியதும் கண்ணாடி கேட்பார் என்று பார்த்தால், விசிலடித்துப் பார்த்தார். சத்தம் வந்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளிக்குக் கைநடுக்கம் அதிகமாகிவிட்டதால் மெழுகில் பல் பதிக்கிற வேலையெல்லாம் இப்போது என்னிடம்தான்.

வாக்கியங்கள் தனித்தாளில் இருக்கின்றன. அர்த்தம் இங்கே:

பஸ் வந்தபோது நான் இருபது நிமிடமாக நின்றுகொண்டிருந்தேன்.

முதலாளி லேபின் சாவியை என் கையில் கொடுத்தபோது நான் அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்துகொண்டிருந்தேன்.

வீடு கிடைத்துவிட்டது என்று என் கணவர் எழுதியபோது, நான் மூன்று மாதமாக அவரிடம் ஒன்றைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தேன்.

நிதானமாகப் படியுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வாயாடி


ஜூலை 5

அன்புள்ள வாயாடிக்கு,

பத்துக்கு எட்டு. முதல் தடவைக்கு இது அதிகம், தலைக்கனம் வேண்டாம். இரண்டாவது வாக்கியத்தில் ‘சின்ஸ்’ போட்டிருந்தாய். ஒன்பது வருடம் என்பது அளவு, அதனால் ‘ஃபார்’. மூன்றாவதில் ஒரு பிழையும் இல்லை. திருத்திய தாளை இணைத்திருக்கிறேன்.

ஜன்னலுக்குத் திரை வாங்க வேண்டும். பச்சையா, நீலமா? முதலாளியிடம் சொல்லிவிட்டாயா? எழுதவே இல்லையே.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 24

என் அன்புக்குரிய உங்களுக்கு,

திருத்திய தாள் வந்தது. மூன்றாவது வாக்கியத்தில் வருகிறவள் எதைச் சொல்ல முயன்றாள் என்று கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். பிழை இல்லை என்று சிவப்பு மையில் ஒரு டிக் இருந்தது. இந்த முறை தயவுசெய்து அர்த்தத்தை முதலில் படியுங்கள்.

என் கணவர் கிளம்பியபோது எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

வேலையை விடு என்று அவர் எழுதியபோது, மார்ச் மாதத்திலிருந்து அந்த லேபை நடத்திக்கொண்டிருந்தது நான்தான்.

பங்குதாரராகச் சேர்ந்துகொள் என்று முதலாளி கேட்டபோது, அந்த வார்த்தைக்காக நான் பல வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இம்மாதக் கடைசிக்குள் முதலாளிக்குப் பதில் சொல்வதாக இருந்தேன். உங்கள் கடிதத்துக்காக ஒரு மாதம் தவணை கேட்டிருக்கிறேன். திரை எந்த நிறமானாலும் சரி.

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 9

அன்புள்ள வாயாடிக்கு,

பத்துக்குப் பத்து. ‘சின்ஸ்’ கச்சிதமாக விழுந்திருக்கிறது. பக்கத்து அறை எலக்ட்ரீஷியனுக்குப் படித்துக் காட்டினேன். “உன் சம்சாரம் கதையே எழுதலாம்பா” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். இனி நீ எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டாம்.

நீலத் திரை மாட்டிவிட்டேன். கட்டிலும் வந்துவிட்டது. நீ தேர்வு எழுதி முடித்ததும் பயணத் தேதி எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 28

உங்களுக்கு,

இந்த முறை தனித்தாள் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் உங்களிடம் தைரியமாகச் சொல்ல முடியும் என்று நினைத்தேன். உண்மையாக இருக்க வேண்டியதில்லை என்று நீங்களே சொல்லியிருந்தீர்கள். அந்தச் சலுகையில் என் உண்மையை எல்லாம் எழுதினேன். நீங்கள் அதற்கு மார்க் போட்டீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்னொருவருக்குப் படித்துக் காட்டிச் சிரித்ததுதான் தாங்கவில்லை. லேபின் பின்பக்கம் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கப் பல்செட் தேய்க்கிற மெஷினை ஓடவிட்டு அழுதேன்.

நேற்று முதலாளியுடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேர்வுக்குப் போகப்போவதில்லை. உங்கள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. வாசலில் தபால்காரர் சைக்கிள் நின்றால் இன்றைக்கும் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டில் நீங்கள் வருகிறவரை ஜன்னலருகே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை நான் லேபுக்குக் கொண்டுபோக அவரே சாப்பாடு கட்டி வைத்திருந்தார்.

நான்


செப்டம்பர் 14

அன்புள்ள உனக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தாள் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன சொல்ல முயன்றாய் என்று கேட்டால் நீ சொல்லிவிடுவாய். சொல்லிவிட்டால் நீ வர மாட்டாய். அதனால் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘ஃபார்’, ‘சின்ஸ்’ என்று திருத்திக்கொண்டே இருந்தால் நீயாகவே சலித்துப்போய் வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன்.

எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. “இது நிஜம்டா, உடனே பதில் எழுது” என்றான். சிரித்தோம் என்று எழுதியது நான் கட்டிய பொய். உன்னை அழ வைத்ததும் அந்தப் பொய்தான்.

வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பழைய அறைக்கே வந்துவிட்டேன். என் வேலை ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. அதன் பிறகு அங்கே வர நினைக்கிறேன். லிப்ட் எங்கேயும்தான் பழுதாகிறது, எனக்கு வேலை கிடைக்கும். ஆனால் நீ என்னை இன்னும் வேண்டும் என்கிறாயா என்று கேட்காமல் டிக்கெட் எடுக்க மாட்டேன். அவசரமில்லை, யோசித்து எழுது. வேண்டாம் என்று எழுதினாலும், இந்த முறை புரியாதவன் மாதிரி இருக்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன் என்று போட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் கையெழுத்துப் போடாமல் அனுப்புகிறேன்.