முள் என்று சொல்லச் சொன்னேன்

அண்ணே,

உங்கள் கையைக் கடித்தது பாம்பு. ஆஸ்பத்திரியில் அதை முள் என்று சொல்லச் சொன்னது நான்.

இன்று காலை ஜொகூரிலிருந்து வந்த மாவிலைக் கட்டைப் பிரித்தேன். ஒரு காம்பு முறிந்து அந்தப் பால் வாடை மூக்கில் ஏறியது. எதிரே ஒருவர் வெற்றிலை கேட்டுக்கொண்டு நிற்கிறார், என் கை அப்படியே நின்றுவிட்டது. தேக்கா சந்தையில் இத்தனை வருடம் பூக்கடை நடத்துகிறவள் மாவிலை வாடைக்குப் பயப்படுகிறாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள்.

அன்றைக்கு இலை வரும் லாரி காஸ்வே எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டது. மறுநாள் உட்லண்ட்ஸில் கல்யாணம், தோரணத்துக்கு இலை வேண்டும். மார்சிலிங்கில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால், புதர் ஓரமாக ஒரு மாமரம் நிற்பது எனக்குத் தெரியும். அரசாங்க மரம், பறித்தால் அபராதம். "யாருண்ணே பார்க்கப் போறா? பத்து நிமிஷ வேலை" என்று, கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த உங்களைக் கூட்டிப் போனேன். கீழே விழுந்த கொத்தை எடுக்கக் குனிந்தீர்கள். வலது கையை உதறினீர்கள். கறுப்பாக ஒன்று சருகுக்குள் வழுக்கிப் போனதை இரண்டு பேருமே பார்த்தோம்.

டாக்சியில்தான் அந்தப் பேச்சு. "பாம்புன்னு சொன்னா எங்க, என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேப்பாங்க. இங்க நிரந்தரமா தங்குற உங்க பி.ஆர். போயிடும்ணே. முள்ளு குத்துச்சுன்னு சொல்லுங்க, ஒரு ஊசி போட்டு அனுப்பிடுவாங்க." பயம் எனக்குத்தான். அபராதம், கடையின் பெயர், இலை எங்கிருந்து வருகிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்கப்போகும் கேள்வி. என் பயத்தை உங்கள் பயமாக்கி உங்களிடமே விற்றேன்.

முள் குத்தியவருக்கு என்ன அவசரம்? வரிசையில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கை வீங்கியது, கண்ணிமை சரிந்தது, பேச்சு குழறியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களேதான் தாதியின் சட்டையைப் பிடித்திழுத்து "பாம்பு, பாம்பு" என்றீர்கள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று டாக்டர் கோபப்பட்டபோது, "முள்ளுன்னுதான் நெனச்சேன்" என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாற்றியது. அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. பூ கட்டுவதே அந்த மூன்று விரல்கள்தான். நரம்பு கெட்டிருக்கிறது, திரும்ப வர மாதக்கணக்காகும், முழுதாக வருமா என்று தெரியாது என்றார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நான் மட்டும் தனியாகப் போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதிலில் நான் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. ரொம்ப நாள் அதிலேயே குடியிருந்தேன்.

கைப்பயிற்சி கொடுத்த பெண் கண்ணை மூடிக்கொண்டு கோலிக்குண்டு பொறுக்கச் சொன்னாள். நீங்கள் சட்டைப்பையில் மல்லிகை மொக்கு கொண்டுபோய் அதைப் பொறுக்கினீர்கள். ஒருநாள் கோப்பிக்கடையில் கொதிக்கிற தேநீர் கிளாஸை இறுகப் பிடித்திருந்தீர்கள், தோல் சிவந்துகொண்டிருந்தது. நான் பிடுங்கி வைத்தேன். "சுடுதுன்னு கண்ணு சொல்லுது. கை ஒண்ணும் சொல்லலையே" என்று சிரித்தீர்கள்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை ஃபோன். "தங்கச்சி, எறும்பு வந்துடுச்சுலா!" விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால் நரம்பு வளர்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு மூன்று பிராட்டா ரொட்டி தின்றீர்கள், கரண்டியால். "என்னண்ணே, வெள்ளைக்காரனா ஆயிட்டீங்களா?" என்று கடைக்காரர் கிண்டல் செய்தார்.

எறும்பு வந்தது. பழைய கை வரவில்லை. நீங்கள் கடைக்குத் திரும்பி வந்து கட்டிய மாலைகளில் முடிச்சு தளர்ந்து சாமந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நீங்கள் சாப்பிடப் போனதும் நான் பின்னால் உட்கார்ந்து பிரித்து மறுபடி கட்டித் தொங்கவிடுவேன். உங்களுக்குச் செய்கிற தயவு என்று நினைத்துக்கொண்டேன். வாடிக்கை போய்விடக் கூடாது என்பதுதான் நிஜம். ஒருநாள் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தீர்கள். உங்கள் மாலை என் மடியில் பாதி பிரிந்து கிடந்தது.

"பாம்பு ஒரு தடவைதான் கடிச்சுது, தங்கச்சி."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "பி.ஆர். எல்லாம் போயிருக்காதுண்ணே. பயம் எனக்குத்தான்" என்றேன்.

"தெரியும்லா. டாக்சியிலயே தெரியும்."

"அப்புறம் ஏன் முள்ளுன்னு சொன்னீங்க?"

"நீ பயந்து நான் பார்த்ததே இல்லை. பாவம், ஒரு தடவை பயப்படுறா, போகட்டும்னு விட்டுட்டேன்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சரக்கு விலை பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினீர்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அது நடந்து நாலு வருஷம். போன மாதம் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. துக்க வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முள்ளுன்னு நெனச்சு ஏமாந்துட்டாரு மனுசன். வெவரமே பத்தாது அவருக்கு" என்று அழுதார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். விவரம் பத்தாதவர் என்ற பெயரோடு உங்களை அனுப்பிவைத்துவிட்டு, காலணியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்றைக்கு மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மார்சிலிங் போகிறேன். அண்ணி கதவைச் சாத்தினாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

நாம் பேசி முடித்தது இதுதான், அண்ணே. நீங்கள் கட்டிய மாலையை நான் பிரிக்கக் கூடாது. கோணலாக இருந்தாலும் மற்ற மாலைக்கு உள்ள அதே பத்து வெள்ளி விலை, குறைக்கக் கூடாது. நடந்ததை அண்ணியிடம் நீங்கள் சொல்ல மாட்டீர்கள், நான்தான் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் நீங்கள் கெடு வைக்கவில்லை.