விளம்பர இடைவேளையில் தங்கை

ஜூன் 2, ஞாயிறு

குடையைப் பிடுங்கிவிட்டார்கள்.

பதினொரு வருஷமாகப் பார்க்கும் துப்பறியும் தொடர். இன்ஸ்பெக்டருக்கு அடையாளமே அந்தப் பழைய கறுப்புக் குடைதான். சாட்சியின் எதிரே உட்கார்ந்து அதை மெதுவாக மடக்கிக்கொண்டே கேள்வி கேட்பார். அந்த நிதானத்தைத் தாங்க முடியாமல் பொய் சொல்கிறவன் உளறிவிடுவான். புதிதாக வந்திருக்கும் இயக்குநர் முதல் காட்சியிலேயே குடையை ஆற்றில் வீசவைத்து, மனுஷனுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டார். ஓய்வு பெறப்போகிற ஆள். முழங்கால் என்ன ஆவது?

போதாததற்கு, முகம் காட்டாத கொலைகாரன் ரத்தம் பட்ட சட்டையைக் கொதிக்கிற வெந்நீரில் அலசுகிறான், கறை போயே போய்விடுகிறது. ஓட்டல் சலவைப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறேன். வெந்நீர் பட்ட ரத்தக்கறை லேசில் போகாது. துணி துவைக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

முதல் இடைவேளையில் வழக்கம்போல் தங்கை போனில் கூப்பிட்டாள். "மருமகன்தான்" என்றாள். நான் சமையல்காரி என்றேன். விளம்பரம் முடிந்ததும் வைத்துவிட்டோம்.

அம்மா இறந்த அன்று நாங்கள் பேசிய பேச்சுக்குப் பிறகு இப்படித்தான். இரண்டு வருஷம் அதுவும் இல்லாமல் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் திடீரென்று கூப்பிட்டு, "டிரைவர்தானே?" என்றாள். அதிலிருந்து தொடர்கிறது. ஞாயிறு ஏழு மணி, விளம்பரம், கொலைகாரன் யார். வேறு பேச்சு கிடையாது. நலமா என்றுகூடக் கேட்டதில்லை, அவளும் சரி, நானும் சரி.

ஜூன் 3, திங்கள்

ரசிகர் குழுவில் காலையிலிருந்து அடிதடி. நாங்கள் பேராசிரியர் என்று கூப்பிடும் ஆள் (டயர் கடை வைத்திருக்கிறார், முழ நீளத்துக்கு எழுதுவதால் அந்தப் பெயர்) புதிய பாதை துணிச்சலானது, இன்ஸ்பெக்டரின் மனதுக்குள் இருக்கும் இருட்டைக் காட்டுகிறது என்கிறார். இருட்டைக் காட்ட விளக்கை அணைத்தால் போதுமா? நேற்று பாதிக் காட்சியில் யார் முகமும் தெரியவில்லை. அதைச் சொன்னதற்கு, "சலவை அம்மாவுக்குக் கதை புரியவில்லை" என்று பதில். எனக்கா புரியவில்லை? நான்தான் அந்தக் குழுவையே ஆரம்பித்தேன்!

வீட்டில் இவர் செய்தித்தாளை இறக்காமலே, "உன் போலீஸ் ஸ்டேஷன்ல இன்னைக்கு என்ன கேஸ்?" என்றார். வாயைத் திறந்திருந்தால் அவருக்கும் விழுந்திருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

குடை போனது போதாது என்று விளம்பரம் வேறு. சாட்சி வாயைத் திறக்கிறாள், "அன்னைக்கு வீட்டுக்கு வந்தது" — உடனே பற்பசை. திரும்பி வந்தால் மோட்டார் சைக்கிள். மறுபடி சோப்பு. ஒவ்வொரு இடைவேளையும் ரப்பர் மாதிரி நீளுகிறது. தங்கைகூடச் சொல்வதைச் சொல்லிவிட்டு, பேச ஒன்றுமில்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை.

எழுந்து உட்கார்ந்து, சேனலுக்கு ஒரு மனு எழுதிவிட்டேன். குடையைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வரி. விளம்பரத்தைப் பற்றி ஒரு பக்கம். குழுவில் எல்லோரையும் கையெழுத்துப் போட வைத்தேன். பேராசிரியர்கூடப் போட்டார்.

ஜூன் 11, செவ்வாய்

ஆயிரத்துக்கு மேல் கையெழுத்து. அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் பாடு.

ஜூன் 30, ஞாயிறு

எழுத வரவில்லை.

இன்று தொடரின் இந்தப் பருவத்தின், அதாவது சீசனின், கடைசிப் பகுதி. முதல் இடைவேளைக்கு முன்னால் அறிவிப்பாளர் வந்தார். ரசிகர்களின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்து, ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் அடுத்த பருவம் டிவியில் வராதாம். செல்போன் செயலியில், பத்துப் பகுதியும் ஒரே நாளில், விளம்பரமே இல்லாமல். அப்புறம் சிரித்துக்கொண்டே படித்தார்: "சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு ரசிகை எழுதுகிறார். இந்தத் தொடரின் உண்மையான கொலைகாரன் விளம்பர இடைவேளைதான். அதை முதலில் ஒழித்துக்கட்டுங்கள்."

குழுவில் ஒரே கொண்டாட்டம். நானும் ஒரு நிமிஷம் துள்ளினேன். துள்ளினேனே!

தங்கை கூப்பிட்டாள். கொலைகாரன் யார் என்று சொல்லவில்லை.

"அது நீதானே அக்கா? சலவைப் பிரிவு."

"ஆமா. பார்த்தியா, என்னோட..."

"அந்த நேரத்துலதான் நான் உன்கூட பேசறேன். பிடிக்கலைன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஊரையே கூட்டிக் கையெழுத்து வாங்கணுமா?"

வைத்துவிட்டாள். அடுத்த இடைவேளையில் போன் அடிக்கவில்லை. நான் சொன்னது பற்பசையை. சோப்பை. அவளையா சொன்னேன்? அது தெரிய வேண்டாமா அவளுக்கு? என்ன ஜென்மம் இது — எப்போதும் கெட்டதைத்தான் நினைப்பாள்.

ஜூலை 14, ஞாயிறு

புதிய பருவம் வந்துவிட்டது. முதல் பகுதியைத் திறந்தேன். விளம்பரம் இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எதிர்முனையில் யாரும் மருமகன் என்று சொல்லாமல் நான் யாரைச் சமையல்காரி என்று சொல்வது? பாதியில் மூடிவிட்டேன்.

வேலையில் எல்லோரையும் கடித்துக் குதறுகிறேனாம். இஸ்திரி போடுகிறவள் இரண்டு நாளாக என் பக்கமே வருவதில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஏழு மணி. போன் மேசையில். அவள் கூப்பிடட்டுமே. நான் ஏன் கூப்பிட வேண்டும்? தப்பாகப் புரிந்துகொண்டது அவள்.

இவர், "போன் உன்கிட்டயும்தான் இருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நானாகக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லா இடைவேளையிலும் அவள்தான்.

கோபம் தலைக்கேறியது. கூப்பிட்டேன்.

"யாரு கொலைகாரன்?" என்றேன்.

"நான் இன்னும் பார்க்கலை."

"நானும்தான்."

அப்புறம் மூச்சு. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"உன் வலது தோள் எப்படி இருக்கு?" என்றாள்.

நான் யாரிடமும் சொன்னதில்லை. இவருக்குக்கூட அரைகுறையாகத்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா பாதியில போனைக் கை மாத்தறே. மாத்தறப்போ பல்லைக் கடிக்கிறே. கேட்கும்."

கொலைகாரனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

ஜூலை 26, வெள்ளி

பேராசிரியர் கொலைகாரன் பெயரைக் குழுவில் போட்டு உடைத்துவிட்டார். எல்லோரும் கொதிக்கிறார்கள். நான் தோளுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ஏழு மணிக்கு வாசலில் மணி அடித்தது. வந்துவிட்டாள். தலை நரைத்திருக்கிறது. போனில் அது தெரியவில்லை.

டிவி போடட்டுமா என்று இவர் கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்றோம்.

காபி குடித்து முடிப்பதற்குள் அம்மா விஷயம் வந்துவிட்டது. உன் வீட்டில் அம்மா அவ்வளவு மோசமாகக் கிடந்தபோது எனக்கு ஏன் சொல்லவில்லை, உயிரோடு முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தாயே என்று கேட்டேன். அன்று கேட்ட அதே கேள்வி. அன்று அவள் பதில் சொல்லவில்லை. இன்று சொன்னாள்.

"அம்மாதான் சொல்லாதேன்னாங்க. நீ வந்து கத்துவேன்னு பயந்தாங்க."

நான் கத்தினேன். அவளும் கத்தினாள். இவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நடுவில் குறுக்கிட ஒரு பற்பசைகூட இல்லை. கடைசி வரை போட்டோம் சண்டையை. பிறகு நான் அழுதேன், அவள் என் தோளைப் பிடித்துவிட்டாள். வலித்தது, சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டில்.