புல்லை விட்டு வராத ஈ

இன்று காலை தீவனக் கொட்டகையில் பச்சைப் புல்கட்டைப் பிரித்தபோது என் சட்டைக் கையில் ஒரு மஞ்சள் ஈ வந்து உட்கார்ந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. உன் ஈ. தட்டிவிடப் போன கை பாதியில் நின்றுவிட்டது. வெட்டிய புல்லின் வாசம் வேறு. அப்படியே கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன், நண்பா.

நாம் இருவரும் மத்திகிரிப் பண்ணையில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். வாடகை வீடும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். மற்றவர்கள் மாடு, கன்று, சம்பளம் என்று பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் புல்லின் நடுக்குருத்து ஏன் காய்கிறது என்று கேட்பாய். காய்ந்த குருத்தைப் பிளந்து உள்ளே நெளியும் வெள்ளைப் புழுவைக் காட்டுவாய். அது ஈயாகி வரும்வரை தண்டுகளை அரிக்கேன் விளக்குக் கண்ணாடிக்குள் நிறுத்தி, வாயில் மல் துணி கட்டி வைப்பாய்.

"இதுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கலைன்னு நினைக்கிறேம்பா. ஈ வெளிய வரட்டும், கோயமுத்தூர் விவசாயக் காலேஜுக்கு அனுப்பிக் கேக்கலாம்" என்பாய்.

"புள்ள பெத்தவன்கூட பேரு வைக்க இவ்வளவு அலைய மாட்டான்" என்று நான் கேலி செய்வேன். நீயும் சிரிப்பாய்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், மழைக்காலத்தில், என் மகளுக்குக் கண்நோவு வந்தது. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. சின்னச் சின்ன ஈக்கள் அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. என் புத்தி நேராக உன் வீட்டுக்குத்தான் ஓடியது. தெருவே கேட்கக் கத்தினேன். "ஊர்ல இருக்கிற ஈ போதாதுன்னு நீ வேற வளக்கறியா? எங் குழந்தைக்குக் கண்ணு போச்சுன்னா நீ குடுப்பியா?"

நீ ஒரு விளக்குக் கண்ணாடியை ஏந்திக்கொண்டு வெளியே வந்தாய். "கண்ணை மொய்க்கறது கருப்பு ஈப்பா. இது மஞ்சளு. புல்லை விட்டு எங்கியும் வராது. ஒரு வாட்டி குனிஞ்சு பாரு."

நான் குனியவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. பார்த்தால் நீ சொல்வது சரியாக இருந்துவிடுமோ என்ற வீம்பு. அதற்குள் வீட்டுக்கார அம்மா தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் கன்னடத்தில் சேர்ந்துகொண்டார். மூன்று பாஷையிலும் உன்னைத் திட்டித் தீர்த்தோம். நீ எல்லாக் கண்ணாடிகளையும் புல்காட்டுக்கு எடுத்துப்போய், துணியை அவிழ்த்துவிட்டு வந்தாய்.

ஈ போயிற்று. கண்நோவு போகவில்லை, பாகலூர் வரை பரவியது. நீதான் வெந்நீரும் போரிக் பவுடரும் கொண்டுவந்து என் மகளின் கண்ணைக் கழுவினாய். "அழாத கண்ணு, மாமா மெதுவாத் தொடைக்கறேன்" என்றாய். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். தப்புப் பண்ணிட்டேம்பா என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். நீ அப்புறம் ஈ வளர்க்கவே இல்லை. மறு வருஷம் காய்ச்சலோடு ஊருக்குப் போனவன் அங்கேயே கண்ணை மூடிவிட்டாய்.

போன வாரம் உன் பெட்டியை எடுத்துப்போக உன் தம்பி வந்தான். முனைக் கடையில் உன் பெயரைச் சொல்லி வீடு கேட்டிருக்கிறான். யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் கடைக்காரர்தான், "அட, ஈக்காரன் வீடா?" என்று கூட்டிவந்து விட்டார்.

தம்பியின் முகம் சுருங்கிப்போயிருந்தது. "அண்ணனை ஏங்க அப்படிச் சொல்றாங்க? யாருங்க வெச்ச பேரு அது?"

அன்றைய சண்டையில் என் வாயிலிருந்து வந்த பேர்தான். ஈக்கு நீ தேடிய பெயர் கிடைக்கவில்லை, உனக்கு இது ஒட்டிக்கொண்டது.

"தெரியலையே தம்பி" என்றேன்.

பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். பஸ் நிற்கும் இடம் வரை இருவரும் தூக்கிப்போனோம். வழியெல்லாம் சொல்லிவிடத் துடித்தேன். பஸ் வந்தது, அவன் ஏறிவிட்டான். உன்னிடம் சொல்லாமல் விட்டதோடு இப்போது அவனிடம் சொல்லாமல் விட்டதும் சேர்ந்துகொண்டது.