வெள்ளைக் கோட்டில் மஞ்சள் இல்லை

என்னங்க,

தங்கை சாந்தமேரிக்கு வலி கண்டுவிட்டதாம். காலை ரயிலில் காஜாங் போகிறேன். சோறும் மீன் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன்.

நான் வரும்வரை கிணற்றுத் தண்ணீரை நேரே புழங்காதீர்கள். ஆணியால் துளை போட்ட மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றுங்கள். அது மழை மாதிரி முதல் பீப்பாயில் விழும். காற்றுப் பட்டதும் தண்ணீரில் உள்ள இரும்பு சிவந்து அடியில் படிந்துவிடும். மறுநாள் அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் மொண்டு, மணலும் கரியும் போட்ட இரண்டாம் பீப்பாயில் ஊற்றுங்கள். கீழே தெளிவாக வடியும்.

உங்கள் ரயில்வே கோட்டை அந்தத் தண்ணீரில்தான் துவைத்தேன். கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, வெளிச்சத்தில் பாருங்கள். அது மஞ்சளடித்ததைப் பார்த்து "ஒனக்குத் தொவைக்கவே தெரியல" என்று போன மாதம் சொன்னீர்களே, அன்றிலிருந்து நாம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. தேநீரும் இப்போது மை மாதிரி கறுப்பதில்லை.

பிலோமினா

மறந்துவிட்டேன்: நாளை வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு கேத்தரின் அக்காவிடம் கொடுங்கள். அவருக்கும் இரண்டு வாளி நல்ல தண்ணீர் வேண்டுமாம்.

இன்னொன்று: நேற்று வேலியோரம் அந்த அக்கா சொன்னார், "ஒன் வீட்டுக்காரரு எங்க வீட்டுக்காரருகிட்ட, 'தப்பு என் மேலதான், அவ கெட்டிக்காரி'ன்னு சொன்னாராம்." நம் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வரும்போது என்னிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.