நான்காம் தறியின் எண்

1967 ஜூன் 12, திங்கள்

பெட்டி ஒருவழியாக வேலை செய்கிறது. பன்னிரண்டு விசைத்தறிக்கும் பன்னிரண்டு பழைய டெலிபோன் மீட்டர்கள், சேலம் பழைய இரும்புக் கடையில் பொறுக்கியவை. சுவர்க் கடிகாரம் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கம்பியைத் தொடும். அந்தச் சின்ன மின்சாரத்தை டிரான்சிஸ்டர் பெரிதாக்கும். எந்தத் தறியின் மோட்டார் ஓடுகிறதோ அதன் மீட்டரில் ஓர் எண் ஏறும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 480. ஒயர்மேனாக வேலைக்கு வந்த நான் செய்தேன், எனக்கே நம்ப முடியவில்லை. மனைவி இன்னாசிமேரியிடம் விளக்கினேன். "சோறு ஆறுது" என்றாள்.

ஜூன் 16

முதலாளி கைலாசம் நாற்காலியைப் பெட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பவானியிலிருந்து மச்சினர் வருகிறாராம். பெட்டி பிடித்துவிட்டால் அவருடைய இருபத்துநாலு தறிக்கும் செய்துகொடுப்பது நான்தான். பிறகு சொந்தமாகக் கடை போடலாம்.

எல்லாத் தறியும் 440க்கு மேல். நான்காம் தறி மட்டும் 371. அதை ஓட்டுபவர் காளியண்ணன்.

ஜூன் 19

நான்காம் தறி 368.

ஜூன் 21

எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டார்: "காளியண்ணா, தெனமும் ரெண்டு மணி நேரம் எங்க போறே?"

"எங்கயும் போகலீங்க. தறிகிட்டயே தானுங்க நிக்கறேன்."

"துணி மத்தவங்க அளவுக்கு வருதுங்களே" என்று மேஸ்திரி கந்தவேல் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "அந்த ரெண்டு மணியும் ஓட்டியிருந்தா இன்னும் வந்திருக்குமே" என்றார் முதலாளி. சனிக்கிழமை வரை தவணை, அதற்குள் எண் ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

காளியண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கென்ன, எண்ணுவது பெட்டிதானே?

ஜூன் 22

நான்காம் மீட்டரையும் ஒன்பதாம் மீட்டரையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நான்காம் தறிக்குத்தான் குறைகிறது. பெட்டியில் பழுதில்லை. சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 23, வெள்ளி

மத்தியானம் நான்காம் தறி அருகே ஒரு மணி நேரம் நின்றேன். பாவு நூல் அறுந்தது. காளியண்ணன் மோட்டார் சுவிட்சை அணைத்தார், நூலை முடிந்தார், மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் அப்படியே. பக்கத்துத் தறி ரங்கன் கைப்பிடியைத் தட்டித் தறியை மட்டும் நிறுத்திவிட்டு பீடி பிடிக்கப் போனான். மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். அவன் எண் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மோட்டார அணைக்கறீங்க?" என்று காளியண்ணனிடம் கேட்டேன்.

"நீங்கதானுங்க சொன்னீங்க. போன வருசம் ஒரு மோட்டார் வெந்துபோச்சே, அப்ப."

சொன்னேன். சும்மா ஓடவிடாதீர்கள் என்று பன்னிரண்டு பேரையும் நிற்கவைத்துச் சொன்னேன். ஒருத்தர்தான் கேட்டிருக்கிறார்.

இப்போது என்ன செய்ய? நாளைக்கு மச்சினர் வருகிறார் — ஐயோ, நாளைக்கா வரணும்?

ஜூன் 24

சொல்லவில்லை.

மச்சினர் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரு சோம்பேறியப் புடிச்சுக் குடுத்துருச்சு" என்று முதலாளி பெருமையடித்தார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். சாயங்காலம் முதலாளி கணக்கு முடித்து அனுப்பிய காளியண்ணன் சாப்பாட்டுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்துதான் போனார்.

ஜூன் 25, ஞாயிறு

தேவாலயப் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை; மனதில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. திரும்பும் வழியில் இன்னாசிமேரி காரணம் கேட்டாள். சொன்னேன். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள்.

ஜூன் 26

முதலாளியிடம் சொன்னேன். தறிகளை நிறுத்தச் சொல்லி, எல்லார் காதிலும் விழும்படி. "பெட்டி எண்ணுறது மோட்டாரத்தானுங்க, தறிய இல்லீங்க. தப்பு என்னோடது."

முதலாளி பெட்டி முன்னால் வந்து நின்றார்.

"சனிக்கிழமையே தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே தெரியுமுங்க."

"பெட்டியக் கழட்டு. நீயே போயி அவனக் கூட்டிட்டு வா."

போனேன். வீட்டில் காளியண்ணன் மனைவி கந்தம்மாள் "வாங்க" என்றுகூடச் சொல்லவில்லை. காளியண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கூட நடந்தார்.

ஜூலை 3

பவானி மச்சினர் பெட்டி வேண்டாமென்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஜூலை 11

ஊடை நூலைக் கொண்டு குறுக்கே பாயும் நாடா ஓடுகிற பலகைக்கு அடியில் மின் தொடுப்பு வைத்து, பெட்டியை மாற்றிக் கட்டியிருக்கிறேன். பலகை ஆடினால்தான் எண் ஏறும். இன்று முதல் ஷிப்ட்: ரங்கன் 352. நான்காம் தறி 419, எல்லாரையும் விட அதிகம். முதலாளி சத்தமாக வாசித்தார். காளியண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவர் தறியில் நூல் அறுந்தது. சுவிட்சைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் தட்டிவிட்டுக் குனிந்து நூலை முடிந்தார். மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில்தான் நின்றேன். அணையுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.