நாலாம் அறையைத் துடைத்தவர்கள்

அக்கா,

இன்று மத்தியானம் நாலாம் உடைமாற்றும் அறையைத் திறந்ததும் அதே மணம். வியர்வையில் ஊறிய கையுறையும் ஈர ரப்பர் விரிப்பும் சேர்ந்த மணம். ஹொக்கி மட்டைகளில் சுற்றிக் கழற்றிய ஒட்டுநாடா ரேப்பெல்லாம் ஒரு தோடம்பழம் அளவு உருண்டையாக வாங்குப் பலகையின்மேல் இருந்தது. தரையில் ஒரு தூசி இல்லை. ஜப்பான் பெண்கள் அணி ஒன்று மறுபடியும் வந்து விளையாடிவிட்டுப் போயிருக்கிறது. நான் அந்த வாங்கிலேயே குந்தி இருந்துவிட்டேன்.

இதே ஐஸ் அரங்கில்தானே நாங்கள் இருவரும் பகுதிநேரமாகத் துப்புரவு செய்தோம். மல்வேர்னிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். முழுநேர வேலைக்கு இடம் ஒன்றுதான் விழுந்தது; இருவரும் கேட்டிருந்தோம். அந்தக் கிழமைதான் முதல்முறை ஜப்பான் பெண்கள் சுற்றுப்போட்டிக்கு வந்தார்கள். எனக்கு ஹொக்கி என்றால் வெறும் குளிர். உங்களுக்கோ பைத்தியம். வாளியை வைத்துவிட்டுக் கண்ணாடியடியில் நின்று, "அந்தக் கோல்கீப்பரைப் பாரடி, என்ன கட்டை. ஆனா ஒண்டையும் உள்ளுக்கு விடுறாளில்லை" என்றீர்கள். கடைசி நிமிடத்தில் ஒன்றை விட்டுத் தோற்றார்கள். தோற்ற பிறகும் வரிசையாக நின்று, முக்கால்வாசி வெறுமையான இருக்கைகளை நோக்கிக் குனிந்து வணங்கினார்கள். நீங்களும் மொப்புத் தடியோடு குனிந்தீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

நாலாம் அறை என் பங்கு, ஐந்தாம் அறை உங்கள் பங்கு. நான் போனபோது அவர்கள் தாங்களே கூட்டித் துடைத்து, ரேப்பை உருட்டி வைத்துவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். உங்கள் அறையில் இருந்தது வென்ற அணி. சிந்திய ஜூஸ், பிட்சாப் பெட்டிகள், தரையெல்லாம் ஒட்டிய ரேப். நீங்கள் முழங்காலில் இருந்து சுரண்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் வந்தார். இதற்குள் எப்படி முடித்தாய் என்று என்னைக் கேட்டார். நானில்லை என்று ஒரு சொல் போதும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இவளைப் பார்த்துப் பழகு என்று உங்களிடம் சொன்னார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, சனியன்.

வேலை எனக்குக் கிடைத்தது. "நல்லது. உனக்குப் பிள்ளையளும் சின்னன்தானே" என்றீர்கள். பிறகு பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனீர்கள், அவ்வளவு தூரம், பஸ் மாறி மாறி. உங்களுக்கு விசயம் தெரியாது என்று இத்தனை காலமும் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உங்கள் செத்தவீட்டில் உங்கள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, அம்மா அந்த ஜப்பான் ரீமைப் பற்றி எப்பவும் கதைப்பா. அந்தப் பிள்ளையள் நாலாம் ரூமைக் கூட்டினதைக் கதவடியிலை நிண்டு பாத்தவவாம்."

அவளுக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் சொல்லவில்லை. என்னை ஏசியிருக்கலாமே அக்கா. நாலு பேருக்கு முன்னால் நாறடித்திருக்கலாமே. எல்லாம் தெரிந்துகொண்டா என் பிள்ளைகளைச் சொல்லி வாழ்த்தினீர்கள்?

இன்று புது மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, நன்றாகத் துடைத்திருக்கிறாய் என்றார். நானில்லை, அந்தப் பெண்கள் என்று சொல்லிவிட்டேன். யார் துடைத்தால் என்ன என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். அன்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு வேலை. இன்று சொன்னது யாருக்கும் எதற்கும் உதவவில்லை.

ரேப் உருண்டையைக் குப்பையில் போட மனம் வரவில்லை. ஜக்கெற் பொக்கற்றில் கிடக்கிறது. பஸ்ஸில் கை பட்ட நேரமெல்லாம் விரலில் ஒட்டுகிறது.